எழுத்தும் எழுத்துருவும்



தமிழிலக்கண நூலார் எழுத்தை ஒலிவடிவு என்றும் வரிவடிவு என்றும் இரு கூறாகப் பகுத்து நோக்கினர். செவிக்குப் புலனாவது ஒன்று. கண்ணுக்குப் புலனாவது மற்றொன்று. அகரம் குகைப் பாறையில் ஒரு வடிவம் கொண்டது. பனையோலையில் மற்றொரு வடிவம் கொண்டது. ஈய அச்சில் வேறொரு வடிவம் கொண்டது. எவ்வடிவில் நின்றபோதும் அஃது அகரமே.

இப்பகுப்பு ஏட்டளவில் நின்றுவிட்ட இலக்கணச் செய்தி அன்று. ஒரு கவிஞர் தம் கவிதைகளைக் கணினியில் சேர்த்து வைக்கின்றார். இருபது ஆண்டுகள் கழித்து அவை படிக்கத்தக்கனவாய் இருக்குமா, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவும் வெற்றுக் கட்டங்களாகவும் சிதைந்து கிடக்குமா என்பதைத் தீர்மானிப்பது இப்பகுப்பே ஆகும். லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தில் தமிழ் எழுத்துருக்களைக் கூடுதலாக நிறுவிக்கொள்ளும் முறையை விளக்க முற்படும் இவ்வுரை, அக்கேள்வியையும் உடன்வைத்தே ஆராய்கின்றது.

பொருநைக் கரையில் மாறிவந்த வடிவங்கள்

அன்று பொருநை என்றும் இன்று தாமிரபரணி என்றும் வழங்கும் ஆற்றின் கரையில் தமிழ் எழுத்து பூண்ட கோலங்கள் பல. திருநெல்வேலியை அடுத்த மறுகால்தலைக் குன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. அம்பாசமுத்திரத்திலும், ஆற்றின் கழிமுகத்திற்குத் தெற்கே கடலோரத்திலுள்ள திருச்செந்தூரிலும் காணப்படும் வரகுண பாண்டியர் காலத்துச் சாசனங்கள் வட்டெழுத்தில் அமைந்தவை. பாண்டிய நாடு சோழர் ஆட்சிக்கு உட்பட்ட பின்னர், வட்டெழுத்து மெல்ல வழக்கொழிய, இன்றைய தமிழ் எழுத்தின் முன்னை வடிவம் கோயிற் சுவர்களில் இடம்பெறலாயிற்று. மொழி தமிழே. ஆயினும், வட்டெழுத்துப் பயிற்சி இல்லாத பிற்காலத்தார்க்கு அக்கல்வெட்டுக்கள் வாய்திறவாதனவாயின. கல் சிதையவில்லை; பொறித்த எழுத்தும் அழியவில்லை; வடிவை அறிவார் இல்லாமையால் நேர்ந்த இழப்பு அது. கணினிக் கோப்புகளுக்கு நேர்வதும் இத்தகைய இழப்பே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

அச்சுக்கலையின் வரலாற்றிலும் இப்பகுதிக்குத் தனியிடம் உண்டு. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களே கொண்ட சிறு நூல். அதனைத் தமிழில் ஆக்கிய அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் பணிபுரிந்தவர். தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலே அவர் வாழ்ந்த ஊர். அவர் எழுதிய 'அடியார் வரலாறு' 1586-இல் வெளிவந்தது. அது புன்னைக்காயலில் அச்சிடப்பெற்றது என்பது அறிஞர் பலர் கொள்கை. அந்நாளில் ஒரு புத்தகம் அச்சேற வேண்டுமாயின், முதலில் எழுத்தை வெட்டி வார்த்தாக வேண்டும். தமிழ் எழுத்துக்கள் கோவாவில் 1577-இல் ஒருமுறையும், கொல்லத்தில் 1578-இல் மறுமுறையும் வார்க்கப்பட்டன. முதலில் வார்த்தவை மனநிறைவு தராமையால் மீண்டும் வார்த்தனர். கூடுதல் எழுத்துரு வேண்டும் என்னும் வேட்கை கணினியோடு பிறந்ததன்று என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

1920-இல் திருநெல்வேலியில் தோன்றிய தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் பதிப்புகளைக் கண்டு பழகியவர்கள், எழுத்தின் தோற்றம் படிப்பவர் மனத்தில் ஏற்படுத்தும் மதிப்பினை நன்கு அறிவர். அப்பதிப்புகளில் பழையன பலவற்றில் ணா, றா, னா ஆகியவையும், ணை, லை, ளை, னை ஆகியவையும் இன்றைய உருவில் இரா. ஒகர, ஓகார வரிசைகளையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துக்களின் வடிவை மாற்றித் தமிழ்நாட்டு அரசு ஆணை பிறப்பித்தது 1978-இல். பெரியார் 1935-ஆம் ஆண்டிலேயே 'குடிஅரசு' இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தின் வழிப்பட்டது அவ்வாணை. வடிவம் மாறியது, சொல்லும் பொருளும் மாறவில்லை.

கணினியில் நேர்ந்த குழப்பம்

கணினி எழுத்தை வடிவாக அறிவதில்லை, எண்ணாகவே அறிகின்றது. 'ம' என்பதற்கு ஓர் எண் வகுத்துக் கொடுத்தால் அவ்வெண்ணைச் சேமிக்கும். அதனைத் திரையில் எவ்வாறு வரைந்து காட்டுவது என்று கூறும் கோப்பே எழுத்துரு. எண் ஒன்று; உரு மற்றொன்று. முன்னது எழுத்தின் இடத்திலும், பின்னது வரிவடிவின் இடத்திலும் நிற்கின்றன எனலாம்.

தமிழுக்கெனப் பொதுவான எண்வரிசை நடைமுறைக்கு வாராத காலத்தில், எழுத்துரு படைத்தோர் ஒரு குறுக்குவழியைக் கைக்கொண்டனர். ஆங்கில எழுத்துக்களுக்கு உரிய எண்களின்மீது தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தனர். பாமினி என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று அடிப்பவர் உண்மையில் கணினியினுள் இடுவன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. அவ்வெழுத்துரு உள்ள கணினியில் அது 'தமிழ்' எனத் தோன்றும். இல்லாத கணினியில் உள்ளது உள்ளபடியே ஆங்கிலக் குப்பையாகக் காட்சியளிக்கும். உயிரும் உடலும் போல எழுத்தும் உருவும் பிரிக்கவொண்ணாமற் பிணைக்கப்பட்டன. உரு நீங்கின் எழுத்தும் இல்லை.

அதனினும் பெரிய இடர்ப்பாடு, ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண்களைப் பங்கிட்டுக்கொண்டமை ஆகும். ஒரு கடையில் தட்டச்சு செய்த ஆய்வேடு மறு கடையில் திறக்கவில்லை. அச்சகத்தார் பயன்படுத்தும் எழுத்துருவை அறிந்த பின்னரே கவிதைத் தொகுதியைத் தட்டச்சுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இணையத் தமிழர் கூடி வகுத்த டிஸ்கி ஒரு பொதுக் குறிமுறைக்கு வழிகோலிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்இணையம்99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், தாம், தாப் என்னும் குறிமுறைகளும் உருப்பெற்றன.

இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1991-இல், உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான யூனிக்கோடு வெளிவந்திருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் லினக்ஸின் முதற் கருவை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். யூனிக்கோட்டில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அதன் அடுக்குமுறை பற்றித் தமிழறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்னும் நோக்கில் எழுந்ததே டேஸ்16 என்னும் குறிமுறை. 2010 சூன் திங்களில் தமிழ்நாட்டு அரசு யூனிக்கோடு, டேஸ்16 ஆகிய இரண்டனையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. வேறுபாடுகள் எவையாயினும் ஒன்று உறுதி: யூனிக்கோட்டில் ககரத்தின் எண் ககரத்திற்கே உரியது. எழுத்துரு இல்லாத கணினியிலும் அவ்வெண் அழிவதில்லை. உருவைப் பின்னர் வருவித்துக்கொள்ளலாம்.

லினக்ஸில் எழுத்துருவை நிறுவுதல்

உருவைப் பின்னர் வருவித்துக்கொள்ளும் அச்செயலே எழுத்துரு நிறுவுதல் எனப்படுவது. லினக்ஸில் அது பலரும் அஞ்சுமளவிற்கு அரிய செயலன்று. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி மாணவர்க்கு வழங்கப்பெற்ற கணினிகளில் பாஸ் என்னும் இந்திய லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அத்தகைய பழைய கணினிகள் பல இல்லங்களில் இன்று பரணில் உறங்குகின்றன. புதிய லினக்ஸ் பதிப்புகளுள் எளிய ஒன்றை ஏற்றினால், கவிதை எழுதவும் மெய்ப்புப் பார்க்கவும் அவை போதுமானவையே.

நிறுவும் வழிகள் மூன்று. முதலாவது, களஞ்சியத்தின் வழி. டெபியன், உபுண்டு, ஃபெடோரா முதலிய வழங்கல்கள் தத்தமக்கெனப் பெருங் களஞ்சியங்களைக் கொண்டவை. மென்பொருள் நிறுவியைத் திறந்து தேடின், லோகித் தமிழ், நோட்டோ முதலியவை கிடைக்கும். டெபியன் களஞ்சியத்தில் பரணர் என்னும் சங்கப் புலவர் பெயர் தாங்கிய எழுத்துருவும் உண்டு. இவ்வழியில் நிறுவுதற்கு நிருவாகியின் கடவுச்சொல் வேண்டும். நிறுவியபின் அக்கணினியைப் பயன்படுத்துவோர் அனைவர்க்கும் அவ்வெழுத்துரு பயன்படும்.

இரண்டாவது, எழுத்துருக் கோப்பைத் திறந்து நிறுவுதல். பதிவிறக்கிய எழுத்துரு பெரும்பாலும் சுருக்கிக் கட்டிய பொதியாக வரும். அதனை விரித்தால், டி.டி.எஃப். அல்லது ஓ.டி.எஃப். என முடியும் பெயருடைய கோப்புகள் காணப்படும். அதனை இருமுறை சொடுக்கினால் எழுத்துருவின் தோற்றம் திரையில் விரியும். அங்கேயே நிறுவுதற்குரிய பொத்தானும் இருக்கும். கே.டி.இ. மேசைத்தளத்தில் எழுத்துரு மேலாண்மைக்கெனத் தனிப்பக்கமே உண்டு.

மூன்றாவது, கையால் இடுதல். பயனரின் இல்லக் கோப்புறையினுள் 'லோக்கல்' என்றொரு கோப்புறை உண்டு. அதனுள் 'ஷேர்', அதனுள் 'ஃபான்ட்ஸ்'. இறுதியிலுள்ளது இல்லையெனில் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். எழுத்துருக் கோப்புகளை அங்குப் படியெடுத்து வைத்தால் போதும். ஒன்று மட்டும் கருதத்தக்கது: 'லோக்கல்' என்னும் அக்கோப்புறையின் பெயர் புள்ளியோடு தொடங்குவது. மெய்யெழுத்து புள்ளி பெற்றால் உயிரின்றி நிற்கும். லினக்ஸில் கோப்புறையின் பெயர் முன்னே புள்ளி பெற்றால் கண்ணுக்கு மறைந்து நிற்கும். கன்ட்ரோல் விசையோடு ஹெச் விசையை அழுத்தின், பெரும்பாலான மேசைத்தளங்களில், அது வெளிப்படும்.

கோப்பை இட்டபின் 'எஃப்சி-கேஷ்' என்னும் கட்டளையை முனையத்தில் ஒருமுறை இயக்குவது நலம். லினக்ஸில் எழுத்துருக்களைக் கணக்கெடுத்து வைத்திருக்கும் 'ஃபான்ட்கான்ஃபிக்' என்னும் அமைப்பு தன் பட்டியலை அப்போது புதுப்பித்துக்கொள்ளும். 'எஃப்சி-லிஸ்ட்' என்னும் கட்டளை அப்பட்டியலைக் காட்டும். தமிழுக்குரியவற்றை மட்டும் கேட்டுப் பெறவும் இயலும். திறந்திருந்த எழுதியை மூடித் திறந்தாலன்றிப் புதிய எழுத்துரு அதன் பட்டியலில் தோன்றாமற் போகலாம்.

லிப்ரெஆபீஸ் எழுதியைப் பயன்படுத்துவோர் இன்னும் ஒன்று அறிதல் வேண்டும். அஃது ஆங்கிலம் முதலிய மேலை எழுத்துக்களுக்கு ஓர் எழுத்துருவையும், தமிழ் முதலிய கூட்டெழுத்து மொழிகளுக்கு மற்றோர் எழுத்துருவையும் தனித்தனியே கொள்கின்றது. மொழி அமைப்புகளுக்குள் சென்று பின்னதை இயக்கி வைத்தாலன்றி, பாவமைப்பில் தமிழுக்குரிய எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் இடம் கண்ணிற்படாது. எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறவில்லை என்று வருந்துவோர் பலர்க்குக் காரணம் இதுவே.

எழுத்துருவிலும் ஓர் எழுத்து இல்லையெனில்

ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவரின் பெட்டியில் ஓர் எழுத்து தீர்ந்துபோனால், வேறு அளவு அல்லது வேறு வார்ப்பு எழுத்தை இட்டு வரியை முடிப்பதுண்டு. ஃபான்ட்கான்ஃபிக் செய்வதும் அதுவே. கேட்ட எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லையெனில், கணினியிலுள்ள வேறோர் எழுத்துருவிலிருந்து அதனைக் கடன் வாங்கிக் காட்டும். ஒரே வரியில் இருவகைத் தோற்றம் காணப்படுவது இதனால்தான். எதிலுமே இல்லையெனில் வெற்றுக் கட்டம் தோன்றும். அக்கட்டங்களைக் கணினியாளர் 'டோஃபு' என்பர். அவை இல்லாமற் செய்வதே நோக்கமெனக் கொண்டு கூகுள் நிறுவனம் உருவாக்கிய எழுத்துருக் குடும்பத்திற்கு 'நோட்டோ' என்று பெயர் வந்ததும் அதனாலேயே.

தாமிரபரணிப் பாசனத்து நிலக்கணக்குகளையும் கோயிற் கணக்குகளையும் ஆராய்வோர்க்கு இது நாளும் எதிர்ப்படும் இடர். மா, காணி, முந்திரி என்னும் பின்ன அளவுகளுக்குத் தனிக் குறிகள் உண்டு. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. இத்தகைய 51 குறிகள் யூனிக்கோட்டில் இடம்பெற்றது 2019-இல், அதன் 12-ஆம் பதிப்பில்தான். வழக்கமான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அவை இல்லை. நோட்டோ தமிழ் சப்ளிமென்ட் என்னும் எழுத்துருவைக் கூடுதலாக நிறுவினால் அவை கண்ணுக்குப் புலனாகும். தமிழ்ப் பிராமிக்கு உரிய குறில் எகர, ஒகரங்களும் புள்ளியும் 2021-இல் சேர்க்கப்பட்டன. வட்டெழுத்திற்கோ 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பு வரையில் இடமில்லை. அம்பாசமுத்திரத்துச் சாசனத்தை அதன் சொந்த எழுத்தில் கணினியில் பதிய விழைவோர் படமாகவே வைக்க வேண்டியிருந்தது. எண் வகுக்கப்படாத எழுத்திற்கு எழுத்துரு மட்டும் துணைசெய்ய இயலாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இதற்கு நேர்மாறான இனிய எடுத்துக்காட்டும் உண்டு. லோகித் தமிழ் கிளாசிக்கல் என்னும் எழுத்துரு, 1978-க்கு முந்திய வடிவங்களைத் தருவது. பழைய கவிதை நூல் ஒன்றை அதன் காலத்துத் தோற்றத்தோடு மறுபதிப்பிட விரும்பும் இலக்கிய வட்டம், நூலை இன்றைய முறையில் ஒருமுறை தட்டச்சிட்டு, எழுத்துருவை மட்டும் மாற்றினால் றாவும் லையும் பழங்கோலம் பூணும். மீண்டும் மாற்றின் இன்றைய கோலத்திற்குத் திரும்பும். பனுவலில் ஓர் எழுத்தும் திருத்தப்பட்டிராது. எழுத்து வேறு, எழுத்துரு வேறு என்னும் உண்மையைக் கண்ணாரக் காட்டும் செயல் இதனினும் வேறில்லை.

மௌனம் கலைந்த கதை

பழைய எழுத்துருக்களில் சேமித்தவற்றை என்செய்வது? அவ்வெழுத்துருவை லினக்ஸிலும் மேற்கூறிய முறையில் நிறுவிப் படிக்கலாம். ஆனால், அது நோயைத் தீர்க்காமல் நாளைத் தள்ளிப்போடுவதே ஆகும். யூனிக்கோட்டிற்கு மாற்றிக்கொள்வதே நிலையான வழி. டிஸ்கிக் கோப்புகளை மாற்றும் ஆற்றல் லினக்ஸின் அடிப்படைக் கருவியான 'ஐகான்வ்' என்பதிலேயே அடங்கியுள்ளது. பாமினி, தாப் முதலியவற்றை மாற்றுதற்கு 'ஓப்பன்-தமிழ்' என்னும் கட்டற்ற நிரல்தொகுதி உதவும்.

ஆயினும் மாற்றியபின் மெய்ப்புப் பாராமல் விடுதல் தகாது. காரணம் கவிஞர்க்கு நெருக்கமானது. 'மௌனம்' என்னும் சொல்லைப் பழைய எழுத்துருக்களில் அடிப்போர், ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு ளகரத்தையே இட்டனர். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. கணினிக்கோ அது மெகரம், ளகரம், னகரம், மகர ஒற்று எனப் பிரிந்து நிற்கும் வேறொரு சொல். 'மௌனம்' என்பது நேர்நேர், தேமா. 'மெளனம்' என்பது நிரைநேர், புளிமா. வெண்பாவின் தளை காணும் மென்பொருளிடம் அதனை ஒப்படைத்தால், பிழையற்ற வெண்பாவும் தளை தட்டிற்று என்று தீர்ப்புப் பெறும். தொகுப்பில் 'மௌனம்' என்று தேடுவோர்க்கும் அக்கவிதை அகப்படாது.

மாற்றியே இதனைச் சரிசெய்யட்டும் என்று எகரக் குறியையும் ளகரத்தையும் எங்குக் கண்டாலும் ஔகாரமாக்கச் சொன்னால், 'தெளிவு' என்னும் சொல் தன் தெளிவை இழந்து, ஔகாரக் குறியும் இகரக் குறியும் ஒன்றன்மேல் ஒன்றேறிய உருவமாய் நிற்கும். கருவி எண்ணை மாற்றும். சொல்லை அறிவது தமிழறிந்தாரே. அவ்வாறே ககரமும் தமிழ் எண் ஒன்றும், அகரமும் தமிழ் எண் எட்டும் தோற்றத்தில் ஒத்திருத்தலால், பழந்தமிழ் எண்களை ஆளும் நூல்களில் இன்னும் விழிப்பு வேண்டும்.

உரிமம் என்னும் அறம்

ஓர் இலக்கிய வட்டம் தன் உறுப்பினர் அனைவர்க்கும் ஒரே எழுத்துருவை வழங்க விரும்பின், முதலில் காணவேண்டுவது அதன் உரிமம். விலைக்கு விற்கப்படும் எழுத்துருவைப் படியெடுத்துப் பகிர்தல், ஒருவர் கவிதையை அவர் பெயரின்றி அச்சிடுதலோடு ஒக்கும். எழுத்துருவை வரைந்தவரும் கலைஞரே. கட்டற்ற எழுத்துருக்களின் நிலை வேறு. திறந்த எழுத்துரு உரிமம் எனப்படும் ஓ.எஃப்.எல்.-இன் இன்று வழங்கும் வாசகம் 2007-இல் வெளிவந்தது. அதன்படி எழுத்துருவைப் பயன்படுத்தலாம், படியெடுத்து வழங்கலாம், திருத்தலாம், நூலினுள் பொதிக்கலாம். எழுத்துருவைத் தனித்து விற்றல் மட்டும் கூடாது. திருத்தியதற்கு, மூலப்பெயர் காக்கப்பட்டதாயின், அப்பெயரைச் சூட்டலும் கூடாது. நோட்டோ இவ்வுரிமம் உடையது. லோகித் எழுத்துருக்களும் 2011 முதல் இவ்வுரிமத்தின் கீழ் வருவன.

வட்டங்கள் செய்யத்தக்கன

பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடிய உ.வே. சாமிநாதையர், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களின் கவிராயர் இல்லங்களை நாடி வந்தார். அப்பதிப்பு 1889-இல் வெளிவந்தது. அவ்வீடுகளில் ஏடுகளைக் காத்தவர்கள் அவற்றை அவ்வப்போது புதிய ஓலையில் படியெடுத்து வைத்த மரபினர். செல்லரித்தும் சிதைந்தும் போன ஓலைக்கு அப்படியெடுத்தலே மறுபிறப்பாயிற்று. கணினிக் கோப்புக்கும் அதுவே வழி.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வீடுகளினுள் நீர் புகுந்த அவ்விரவுகளில் நூலும் தாளும் தப்புதல் அரிது. தாளை வெள்ளம் கொள்ளும். கோப்பை எழுத்துருவின் இன்மை கொள்ளும். இரண்டிற்கும் முற்காப்பு ஒன்றே: ஒரு படியோடு நில்லாமை.

ஆகவே, பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டம் செய்யத்தக்கன நான்கு. வட்டத்தில் அரங்கேறிய கவிதைகள் அனைத்தையும் யூனிக்கோட்டில் ஒழுங்குபடுத்தல் முதலாவது. எழுதுதற்குத் தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் எளிதாகக் கிடைக்கின்றது. பழைய எழுத்துருவில் உள்ளவற்றை மாற்றி, அச்சான மலரோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தல் இரண்டாவது. இதனை ஒருவரே செய்யாமல் இருவர் கூடிச் செய்தல் நலம். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரையை நோக்குவது பழைய ஏட்டுச்சுவடி முறையே ஆகும். அச்சகத்திற்குக் கொடுக்கும்போது எழுத்துரு பொதிந்த பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தல் மூன்றாவது. பொதிந்துள்ளதா என்பதைக் கோப்பின் பண்புகளில் எழுத்துரு என்னும் பகுதியைத் திறந்து சரிபார்க்கலாம். கவிதைக் கோப்பு, பயன்படுத்திய எழுத்துரு, அதன் உரிமம் ஆகிய மூன்றையும் ஒரே கோப்புறையிலிட்டு, ஆற்றங்கரை ஊரில் ஒரு படியும் வெளியூரில் ஒரு படியுமாகக் காத்தல் நான்காவது.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பரணில் உறங்கும் ஒரு மடிக்கணினியும், கட்டற்ற எழுத்துருக்கள் சிலவும், விடுமுறை நாட்கள் சிலவற்றை ஈயும் தமிழறிந்த உறுப்பினர் இருவரும் போதும். வட்டத்தின் முதல் மலரிலிருந்து தொடங்குதல் முறையாகும். பழையவற்றின் எழுத்துருவே முதலிற் காணாமற் போகும் ஆதலின்.